இடது பெட்டி பாடவில்லை

அத்தியாயம் பதினேழு

சென்ற வாரம் இந்த வீட்டில் இரண்டு காரியங்கள் ஒரே நாளில் நடந்தன. டெய்லரின் பழைய ரேடியோ கரகரவென்று ஏதோ சொல்லிவிட்டு நிரந்தரமாக வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் அவர் மனைவிக்கு அலுவலகத்திலிருந்து பதவி உயர்வுக் கடிதம் வந்தது. ரேடியோவுக்காக யாரும் அழவில்லை.

மனைவிக்கு வேலை குடிநீர் வாரியத்தில். தெருவுக்கு அடியில் ஓடும் குழாயில் எங்கே ஓட்டை என்று காதால் கண்டுபிடிக்கிற வேலை. ஊர் எழுந்து சத்தம் போடுவதற்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய் மூடியில் ஊன்றி, மறுமுனையை வலது காதில் வைத்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அங்கே தோண்டினால் ஓட்டை இருக்கும். இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காது மேடம்.

ஒருமுறை பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், ஊசி போட்டு வாய் மரத்திருந்த நிலையில், “மாடியில குழாய் சொட்டுது” என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் கையுறையோடு மாடிப்படியைத் தேடினார். அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது. பக்கத்துக் கட்டடத்துக்கு இருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

அண்டை வீட்டில் முட்டை வெந்துவிட்டதா என்று இவர்தான் இங்கிருந்தே குரல் கொடுப்பார். அவர்கள் அடுப்பை அணைப்பார்கள். ஒரு தடவை இவர் இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். முட்டை வெடித்து, இன்னும் கூரையில் கறை இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே காது சம்பந்தப்பட்ட எதிலும் இந்த வீட்டில் அவர் சொல்வதே தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

வந்திருக்கும் பதவி குழுத் தலைவர் பதவி. இதுவரை இஞ்சினியர்கள் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி. கம்பி பிடித்தவர்கள் யாரும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. அங்கே கம்பி கிடையாது. புதுக் கருவி. குழாயின் இரண்டு முனைகளில் இரண்டு மைக்கை ஒட்டவைத்து, ஒன்றின் சத்தத்தை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் கேட்க வேண்டும். இரண்டும் சமமாகச் சேர்கிற இடம்தான் ஓட்டை. அதற்காகத் திங்கட்கிழமை ஒரு காதுப் பரிசோதனை. காது மேடத்துக்குக் காதுப் பரிசோதனையா என்று அலுவலகமே சிரித்தது.

இந்தச் சனிக்கிழமை காலையில் டெய்லர் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு அலமாரி முன் நின்றார்.

“பதினொன்றரை அகலம், ஒன்பது உயரம், எட்டே கால் ஆழம். இதுக்குள்ள அடங்குற ஸ்டீரியோதான் இந்த வீட்டுக்குள்ள வரும்.”

மனைவியின் தம்பி, வாடகை வேன் ஓட்டுகிறவன், மாடியில் குடியிருக்கிறவன், சாப்பிடக் கீழே வருகிறவன், வாசல்படியில் சாய்ந்து சிரித்தான்.

“மாமா, அது பேண்ட் இல்ல. பெட்டி. இடுப்புல பிடிக்குது, காலுல தொங்குதுன்னு பிரிச்சுத் தைக்க முடியாது.”

“அதனாலதான் மாப்ளே முன்னாடியே அளக்குறேன். உன்னை அளக்காம உள்ள விட்டதுதான் நான் பண்ணின தப்பு.”

மச்சினன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளும் ஆளில்லை. ஸ்டீரியோ வாங்குவது பற்றி அவன் நான்கு நாட்களில் நாற்பத்தோரு வீடியோ பார்த்திருந்தான். அதில் ஆறு, அவனுக்குத் தெரியாத பாஷையில்.

“ப்ளூடூத் மட்டும் இருக்கிற மாடல் வேணாம் மாமா. போன் அடிச்சா பாட்டு நின்னுடும். வைஃபைல ஓடணும். போனை நீங்க எங்க வச்சாலும் பாட்டு பாட்டு மாதிரி ஓடிட்டே இருக்கும். வயர் கிடையாது. உலகத்துல இருக்கிற பாட்டு பூரா காத்துல வரும்.”

“நமக்குத் தெரிஞ்ச பாட்டு வந்தா போதும்” என்றார் டெய்லர். “ஏம்மா, உனக்கு என்ன வேணும்?”

காது மேடம் பையை மாட்டிக்கொண்டு வந்தார். “சத்தம் சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான். கிளம்புங்க.”

கடையில் பாட்டு கேட்டுப் பார்ப்பதற்கென்றே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. சுவரெல்லாம் மெத்தை தைத்தது போல. டெய்லர் உள்ளே நுழைந்ததும் அந்த மெத்தையைத் தடவிப் பார்த்து, “தையல் நேரா இல்ல” என்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய விற்பனையாளர் சிரித்துச் சமாளித்தார்.

முதல் செட் கச்சிதமாக இருந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பக்கமும் ரொட்டித் துண்டம் போல இரண்டு ஸ்பீக்கர். விற்பனையாளர் தன் போனைத் தட்டினார். வலதில் வயலினும் இடதில் டிரம்மும் எழுந்தன.

காது மேடம் நடு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இடது பெட்டி பாடல.”

விற்பனையாளர் இடது பெட்டியின் மேல் கையை வைத்தார். “அதிருதே மேடம்?”

“அதிரலாம். பாடல. எல்லாம் வலதுலேர்ந்துதான் வருது.”

மச்சினன் எழுந்து போய் இடது பெட்டியில் காதை ஒட்டினான். காதுக்குள் யாரோ தகர டின்னை அடித்தது போல இருந்தது. நிமிர்ந்தான். ஒரு பக்கம் தன் காது, இன்னொரு பக்கம் அக்காவின் காது. யோசிக்க என்ன இருக்கிறது?

“அக்கா சொல்றது சரிதான். பாடல.”

டெய்லர் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்தை அளந்துகொண்டிருந்தார்.

இரண்டாவது செட் வந்தது. இடது பெட்டி பாடவில்லை. மூன்றாவது செட், பிரிக்காத அட்டைப்பெட்டியிலிருந்து, கண் முன்னாலேயே நாடா கிழித்து எடுத்தது. அதுவும் இடது பக்கம் பாடவில்லை. விற்பனையாளருக்குக் கழுத்து வேர்த்தது. இவர் யார், எங்கே வேலை பார்க்கிறார், பல் டாக்டர் வீட்டு மாடிக் கதை என்ன என்று மச்சினன் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதும், மாடியிலிருந்து பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டார்.

பழுது பார்ப்பவர் கேட்டார். நன்றாகத்தான் கேட்டது. மறுபடி கேட்டார். கொஞ்சம் சந்தேகம் வந்தது. மூன்றாவது தடவை, “ஆமா, ஏதோ கம்மியாத்தான் இருக்கு” என்று அவரே சொல்லிவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பில் போட்டு முடித்திருந்த ஒரு தம்பதி இதைப் பார்த்துவிட்டு, தாங்கள் வாங்கிய ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓசைப்படாமல் நழுவினார்கள்.

“பெட்டியை மாத்திப் பார்ப்போம்” என்றார் பழுது பார்ப்பவர். இடது பெட்டியை வலதுக்கும் வலதை இடதுக்கும் தூக்கி வைத்தார். “இப்ப சொல்லுங்க மேடம்.”

“இப்ப இது பாடுது. அது பாடல.”

“மேடம், அஞ்சு நிமிஷம் முன்னாடி அதுதானே பாடிச்சு?”

“அதைத்தானே நானும் சொல்றேன். வலதுல இருந்தா நல்லா பாடுது. இடதுக்குப் போனா கெட்டுப்போகுது.”

மச்சினன் தொடையில் தட்டிக்கொண்டான். “கோளாறு பெட்டில இல்ல மாமா. இந்தக் கடையோட இடது பக்கத்துல.”

பழுது பார்ப்பவர் தரையைப் பார்த்தார். தரையில் கோளாறு இருக்கக்கூடும் என்பதை அவர் மறுக்கும் நிலையில் இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. நாற்காலிக்குப் பின்னால் வைத்த கைப்பையை எடுப்பதற்காகக் காது மேடம் எழுந்து திரும்பினார். பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முழுவதும் இப்போதும் அவருக்கு வலது பக்கத்திலிருந்தே வந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் இப்போது இருந்தது, பாடவில்லை என்று அவர் சொன்ன பெட்டி.

பையை எடுத்த கை அப்படியே நின்றது.

திரும்பினார். பாட்டு கூடவே சுற்றி வந்தது. மறுபடி திரும்பினார். மறுபடி வந்தது.

முடியை ஒதுக்குவது போல விரலால் இடது காதை அடைத்தார். ஒன்றும் மாறவில்லை. வலது காதை அடைத்தார். யாரோ மின்சாரத்தை நிறுத்தியது போலப் பாட்டும் விற்பனையாளரும் மச்சினனும் ஒரேயடியாக அணைந்தார்கள். மச்சினனின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடம் ஓட்டை தேடியவர். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நொடி ஆனது.

கம்பியை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். போனையும் அங்கேதான். இடது காது எப்போது போனது, யாரிடம் சொல்லிக்கொண்டு போனது என்று அவருக்கே தெரியாது. பக்கத்து மாடியில் சொட்டுகிற குழாயைக் கேட்ட காதுக்கு, கூடப் பிறந்த காது பேசாமல் போனது கேட்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

“ரெண்டு பெட்டி வேணாம். எல்லாம் ஒண்ணா ஒரே பெட்டியில இருக்கிற மாடல் இருக்கா?”

மச்சினன் பதறினான். “அக்கா! ஒத்தைப் பெட்டில பாட்டு பிரிஞ்சே வராது. ஒரே கொத்தா நடுவுல நிக்கும். ஒருத்தன் முப்பது நிமிஷம் இதைப் பத்தியே பேசியிருக்கான்.”

“அவன் வீட்டுக்கு ரெண்டு வாங்கிக்கட்டும்.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க!”

“ஒத்தைப் பெட்டியே கொடுங்க” என்றார் டெய்லர் விற்பனையாளரிடம். “வைஃபை இருக்கில்ல? போதும்.”

அவர் அதை அளக்கவில்லை. கல்யாண மோதிரத்தையே நூல் சுற்றி மூன்று தடவை அளந்து, மூன்றாம் தடவைதான் விரலைக் கொடுத்தவர் அவர். விற்பனையாளர் இவர் மனம் மாறுவதற்குள் பெட்டியைக் கட்டி, வேன் வரை அவரே தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது, பெட்டியின் உயரம் பதினான்கு அங்குலம். டெய்லர் அலமாரியின் நடுப்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்.

“உன் போனைக் கொடுக்கா. வைஃபைல கோர்த்து விடணும்” என்று மச்சினன் போனை வாங்கிக்கொண்டு முன்னறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். “பத்து நிமிஷத்துல உலகம் இங்க வந்துடும்.”

காது மேடம் சமையலறைக்குப் போனார். டெய்லரும் பின்னால் போய் அவருடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றார். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே அங்கே நிற்க இடமே இல்லை. இடித்துக்கொண்டு நின்றார்.

காது மேடம் அந்த இடுக்கைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியும்.”

“ம்.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

“எப்படி?”

“உன் யூனிஃபார்ம் சட்டை. வலது தோள் அரை அங்குலம் இறங்கிடுச்சு. யாரு பேசினாலும் நீ வலது பக்கத்தை முன்னால கொடுத்துச் சாய்ஞ்சு கேக்குற. முதல்ல கம்பி பிடிச்சுப் பிடிச்சு அப்படி ஆச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சந்தேகம் வந்து, நீ காய் நறுக்கறப்போ இடது பக்கம் நின்னு நாலு தடவை முணுமுணுன்னு திட்டிப் பார்த்தேன். நீ பாட்டுக்கு நறுக்கிட்டே இருந்த.”

“என்னன்னு திட்டினீங்க?”

“அது எதுக்கு இப்ப?”

“சொல்லுங்க.”

“மூணு தடவை உன்னை. ஒரு தடவை உன் தம்பியை.”

காது மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. “சட்டையை என்ன பண்ணினீங்க?”

“உள்ள பஞ்சு வச்சுத் தைச்சுட்டேன். மூணு சட்டைக்கும். வெளியில பார்த்தா ரெண்டு தோளும் ஒண்ணாத்தான் இருக்கும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

டெய்லர் அடுப்பு மேடையில் இல்லாத ஒரு நூலைத் தட்டிவிட்டார். “முப்பது வருஷமா தைக்கிறேன். யாருகிட்டயும் உங்க தோள் கோணலா இருக்குன்னு நான் சொன்னது கிடையாதும்மா. துணியை வெட்டி, பஞ்சை வச்சு, நேராக்கிக் கொடுத்துடுவேன். அதே புத்தி இங்கயும் வந்துடுச்சு. தப்புதான்.”

“தப்புதானா?” காது மேடத்தின் குரல் இப்போதுதான் ஏறியது. “திங்கக்கிழமை ரெண்டு காதுலயும் கருவியை மாட்டிக்கிட்டு ஒத்தைக் காதுல கேட்டு வட்டம் போட்டிருப்பேன். வட்டம் தப்பான இடத்துல விழும். அங்க மூணு பேர் கடப்பாரையோட இறங்குவாங்க. குழாய்க்குப் பக்கத்துலயே கரண்ட் கேபிள் போகுது. அதுக்கும் பஞ்சு வச்சுத் தைப்பீங்களா?”

டெய்லர் இஞ்சு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

காது மேடம் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “அந்த நாற்காலிக்கு நான் ஆசைப்படலன்னு சொன்னா பொய். கடிதம் வந்த அன்னிக்குப் பாத்ரூம்ல போய் அழுதேன். உங்களுக்குத் தெரியாது.”

“தெரியும்.”

“அதுவும் தெரியுமா?”

“கண்ணு சிவந்திருந்துச்சு. துணியில நிறம் மாறினா எனக்குத் தெரியாதா?”

 முன்னறையில் மச்சினன் பெட்டியிடம் “சேருடா, சேருடா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“திங்கக்கிழமை டெஸ்டுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்” என்றார் காது மேடம். “பதவி வேணாம். கம்பியே போதும். அதுக்கு ஒரு காது போதும்.”

“சொல்லிடு” என்றார் டெய்லர். “நானும் கூட வரேன்.”

சொல்லிவிட்டதால் பாதி பாரம் இறங்கியது போலக் காது மேடம் தண்ணீரைக் குடித்தார். அதே நொடியில் முன்னறையில் பாட்டு எழுந்தது. பதினான்கு அங்குலப் பெட்டி வீட்டையே நிறைத்தது. டம்ளர்கள் அலமாரியில் கிணுகிணுத்தன.

மச்சினன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

“கோர்த்தாச்சு! என்ன பாடு படுத்திடுச்சு தெரியுமா? நான் ‘சேர்’னு அமுக்குறப்போ எல்லாம் உன் ஆபீஸ் ஃபாரம் ஒண்ணு குறுக்கே வந்து நிக்குது. மூடினா திரும்ப வருது. ‘அவசரம், இன்றே’ன்னு சிவப்புல வேற. சரி, தொலையட்டும்னு நானே நிரப்பி அனுப்பிட்டேன்.”

“என்ன ஃபாரம்?” என்றார் காது மேடம்.

“உன் ஃபாரம்தான்க்கா. இடது காது எப்படி, வலது காது எப்படின்னு கேட்டிருந்தான். இதுக்கெல்லாம் உன்னைக் கூப்பிடணுமா? ரெண்டும் பிரமாதம்னு போட்டேன். கீழ கையெழுத்து கேட்டான். விரலால போட்டேன். உன் கையெழுத்தைவிட நல்லா வந்திருக்கு.”

டெய்லர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“அது மட்டுமில்ல. அஞ்சே நிமிஷத்துல பதில். சனிக்கிழமைகூட வேலை பாக்குறாங்கய்யா!” மச்சினன் கண்ணாடி போடாமல் போனைத் தூரமாக நீட்டிப் பிடித்து, செய்தி வாசிப்பவர் குரலில் படித்தான். “‘தங்கள் இரு செவிகளும் குறைவின்றிக் கேட்கின்றன எனத் தாங்கள் கையொப்பமிட்டு அளித்த உறுதிமொழி பெறப்பட்டது. தங்களின் நீண்ட அனுபவத்தைக் கருதி, திங்கட்கிழமைப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. மருத்துவமனைப் பின்தெருவில் அவசரக் கசிவு இருப்பதால், நாளை அதிகாலை ஐந்து மணிக்குக் கருவியைப் பெற்றுக்கொண்டு பொறுப்பேற்கவும்.’ டெஸ்டே கிடையாதாம் அக்கா! எப்ப விருந்து?”

“கீழ என்னமோ பொடி எழுத்துல இருக்கே” என்றார் டெய்லர். “அதையும் படி.”

“அதெல்லாம் சும்மா மாமா.”

“படி மாப்ளே.”

“‘உறுதிமொழி பொய்யெனத் தெரியவந்தால், கையொப்பமிட்டவர் பணியிலிருந்து உடனடியாக நீக்கப்படுவார்.’” மச்சினன் தலையைத் தூக்கினான். “இது எதுக்கு நமக்கு? பொய்யா சொன்னோம்?”

அவன் அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பல் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று.

“பாட்டை நிறுத்து” என்றார் காது மேடம்.

“ஏன்க்கா, இதுவும் பாடலையா?”

“நிறுத்துடா.”

அவன் ஓடிப்போய் நிறுத்தினான். காது மேடம் அவன் விட்டுப்போன போனை எடுத்தார். அதிகாரியின் எண்ணைத் தேடி அமுக்கி, வலது காதில் வைத்தார். மணி போனது.

அடுப்போர இடுக்கிலிருந்து வெளியே வந்திருந்த டெய்லர் அவசரமாக, போன் இல்லாத இடது பக்கம் வந்து நின்றார்.

“வச்சிடும்மா” என்றார் மெதுவாக. “பதவி போனா போகுது. இப்ப சொன்னா வேலையே போயிடும். என்ன சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு முதல்ல உக்காந்து பேசுவோம். வச்சிடு.”

எதிரே நின்ற மச்சினனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

காது மேடம் கண்ணை மூடி, போனில் மணி போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்காவது மணியில் அது நின்றது.

“வணக்கம் மேடம்” என்றது மறுமுனை. “சொல்லுங்க.”